உள்ளாட்சி டெண்டரா, ஜெம் பிட்டா? சின்ன கிளீனிங் தொழிலுக்கு எது கட்டுப்படியாகும்?

கடலூரில் பத்து ஆட்களை வைத்து கிளீனிங் தொழில் செய்பவர் அரசு வேலைக்குள் நுழைய மூன்று வழி இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகள் விடும் டெண்டர் ஒன்று. நெய்வேலி என்.எல்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்கள் ஜெம் (GeM) என்ற மத்திய அரசின் ஆன்லைன் கொள்முதல் தளத்தில் விடும் பிட், அதாவது ஆன்லைன் டெண்டர், இன்னொன்று. இரண்டும் வேண்டாமென்றால் பெரிய கான்ட்ராக்டருக்குக் கீழே சப்-கான்ட்ராக்ட். நான் உள்ளாட்சி வேலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இப்போது ஜெம் பக்கம் வந்துவிட்டவன். அந்தப் பக்கம்தான் சாய்ந்து எழுதுவேன்.

சப்-கான்ட்ராக்டை முதலில் முடித்துவிடலாம். டெபாசிட் இல்லை, டிஜிட்டல் கையெழுத்து இல்லை, நாளைக்கே ஆளை இறக்கலாம். ஆனால் பல டெண்டர்களில் உள்குத்தகை விடக்கூடாது என்றே நிபந்தனை இருக்கும். அதனால் உங்கள் பெயர் எந்தத் தாளிலும் வராது. அனுபவச் சான்று கேட்டால் கையை விரிப்பார்கள். எத்தனை வருஷம் பெருக்கினாலும் அடுத்த டெண்டருக்கு நீங்கள் புது ஆள்தான்.

உள்ளாட்சி டெண்டரில் நல்ல விஷயங்கள் உண்டு. வேலை வீட்டுப் பக்கத்தில். ஆட்கள் மஞ்சக்குப்பத்திலிருந்தோ திருப்பாதிரிப்புலியூரிலிருந்தோ சைக்கிளில் வந்துவிடுவார்கள். துப்புரவு உள்ளாட்சியின் கடமை என்பதால், பொருள் சப்ளை சேராத வெறும் ஆள் வேலைக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. வார்டு வார்டாகக் குப்பை அள்ளும் பெரிய வேலை நமக்கு எட்டாது. அலுவலகக் கட்டடம், பூங்கா, கழிப்பறை மாதிரி சின்ன வேலைகளில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு இடம்.

சரி, எல்லாம் தீர்மானமாவது பில் எப்போது பாஸ் ஆகும் என்பதில்தான். பில்லோடு வருகைப் பதிவேடு, சம்பளம் வங்கியில் போட்ட ஸ்டேட்மென்ட், பி.எஃப். சலான், ஈ.எஸ்.ஐ. சலான் எல்லாம் வைக்க வேண்டும். அதாவது நம் காசைப் போட்ட பிறகுதான் பில்லே எழுத முடியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் என்றால் பத்து பேருக்கு 1,50,000. முதலாளி பங்கு பி.எஃப். 13 சதவீதம், ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் சேர்த்தால் 1,74,375. இதில் 5 சதவீதம் லாபம் வைத்தால் சுமார் 8,700 ரூபாய். பில் மூன்று மாதம் நின்றுவிட்டால் வெளியே கிடப்பது 5,23,125. அதை ரெண்டு வட்டிக்கு வாங்கிச் சமாளித்தால் நான்காவது மாத வட்டி மட்டும் 10,400-க்கு மேல். மாத லாபத்தை அந்த மாத வட்டியே விழுங்கிவிடும். ஃபினாயில், மாப், கையுறை இதில் சேர்க்கவே இல்லை.

2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்த நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இருந்தால் உள்ளாட்சி மீதும் கேட்கலாம். ஆனால் அடுத்த வருஷம் டெண்டர் போடவேண்டிய அதே ஆபீஸ் மேல் யார் புகார் கொடுப்பார்?

ஜெம் பக்கம் மாறியதற்கு இதுதான் காரணம். வேலை ஏற்கப்பட்டதாக வாங்குபவர் ஆன்லைனில் சான்று கொடுத்துவிட்டால் அதிலிருந்து 10 நாளில் பணம் என்று விதி. (அந்தச் சான்றுக்கு நடக்கவேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.) உத்யம் இருந்தால் பிட்டோடு கட்டும் ஈ.எம்.டி. டெபாசிட் கட்டத் தேவையில்லை. பெரிய மத்தியப் பொதுத்துறை நிறுவனமாக இருந்தால், பில்லை அவர்கள் ஏற்றதும் டிரெட்ஸ் (TReDS) என்ற பில் தள்ளுபடித் தளத்தில் வைத்து வங்கியிடம் தள்ளுபடியில் பணம் வாங்கலாம். அந்த வட்டி, ரெண்டு வட்டிக்காரரிடம் போவதைவிட எவ்வளவோ மேல்.

பிட் ஆவணத்தைத் திறந்ததும் நான் பார்ப்பது ஒரே ஒரு வரி: குறு, சிறு நிறுவனங்களுக்கு அனுபவம், டர்ன்ஓவரில் விலக்கு உண்டா? 'இல்லை' என்றிருந்தால் அப்படியே மூடிவிடுகிறேன்.

ஜெம்மில் குறையும் இருக்கிறது. ஆள் சப்ளை பிட்டுகளில் கூலிக்கு மேல் நாம் வாங்கும் சேவைக் கட்டணத்தில் எல்லோரும் அனுமதித்த குறைந்தபட்சத்தையே போட்டுச் சமமாக நிற்பார்கள். எல்-1, அதாவது குறைந்த விலைக்காரர், யார் என்று கணினி பொறுக்கும். நன்றாக வேலை செய்பவருக்கு அங்கே தனி மரியாதை இல்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் பணம் கைக்கு வருமுன்பே கட்டவேண்டி வரலாம். மத்தியக் குறைந்தபட்சக் கூலி ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாறும்; அந்த வித்தியாசத்தை யார் தருவார் என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

மூன்று மாதச் சம்பளத்தைச் சொந்தக் கையிலேயே வைத்திருப்பவருக்கு உள்ளாட்சி டெண்டர் நல்லதுதான், அலைச்சலும் குறைவு. புதுச்சேரி, உழவர்கரை நகராட்சி டெண்டர்கள் நான் போட்டதில்லை, அதனால் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச மாட்டேன். ஒன்று மட்டும்: எல்லையிலிருக்கும் முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் குறைந்தபட்சக் கூலி ஆணையே வேறு. கடலூர் ரேட்டை அப்படியே அங்கே போட்டுவிடாதீர்கள்.