இறகுப்பந்தா, பாராசூட்டா, எஞ்சினா? மனிதரை ஏற்றத் துணிந்த மூன்று தனி அணிகள்

இந்த வருஷ அறிவியல் கண்காட்சிக்குத் தண்ணீர் ராக்கெட் செய்யலாம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். பாலக்கோடு பக்கத்தில் எங்கள் பள்ளி. பின்னால் ராகி அறுத்த கொல்லை, அதைத் தாண்டி மாந்தோப்பு. மேலே ஏற்றுவதில் பிரச்சினை இல்லை. இரண்டு லிட்டர் பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பு, போதும். எப்படி இறக்குவது என்பதில்தான் வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. சொந்த முயற்சியில் மனிதரை விண்வெளிக்கு அனுப்பக் கிளம்பிய அணிகள் என்ன செய்தன என்று பிள்ளைகளோடு சேர்ந்து நானும் படித்தேன். மூன்று வழிகள் கிடைத்தன. நாங்கள் எடுத்தது அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் வழி. என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதை 1996ல் தொடங்குகிறது. அமெரிக்கத் தொழில்முனைவர் பீட்டர் டயமண்டிஸ் ஒரு கோடி டாலர் பரிசு அறிவித்தார். அரசுப் பணம் இல்லாமல், மூன்று பேரைச் சுமக்கக்கூடிய ஒரு கலம் 100 கிலோமீட்டர் உயரம் தொட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அதே கலம் மறுபடி தொட வேண்டும். பிறகு அதற்குப் பணம் கொடுத்த அன்சாரி குடும்பத்தின் பெயர் சேர்ந்து அது அன்சாரி எக்ஸ் பரிசு ஆனது. 7 நாடுகளிலிருந்து 26 அணிகள் பதிந்தன. இந்த விதிகளில் நான் பிள்ளைகளிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டியது ஒன்று: இரண்டு பயணங்களுக்கு நடுவே, எரிபொருளைத் தவிர்த்துக் கலத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றக் கூடாது.

எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். மோட்டார் வாங்குவது ஒரு நாள் செலவு. அது பழுதாகும் ஒவ்வொரு முறையும் எண்ணூறு அடியிலிருந்து மேலே ஏற்றிப் பார்த்து, மறுபடி இறக்கும் கூலிதான் ஆளைச் சாய்க்கும். ராக்கெட்டும் அப்படித்தான். ஒரு தடவை மேலே போவதைவிட, போனது என்ன நிலையில் திரும்பி வருகிறது, அடுத்த தடவைக்கு எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பதுதான் கணக்கு. திப்பு காலத்தில் எங்கள் தருமபுரிப் பக்கத்துப் பாராமகால் சீமையும் மைசூரோடுதான் இருந்தது. மைசூர்ப் படை எதிரி மேல் ஏவிய அன்றைய இரும்புக் குழாய் ராக்கெட்டுக்குத் திரும்பி வர வேண்டிய தேவையே இல்லை. உள்ளே ஆள் உட்கார்ந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணத்தில் ரூட்டன் அணிக்கு ஈடில்லை. மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன் போட்டது 2 கோடி டாலருக்கு மேல், அதாவது பரிசைப் போல இரண்டு மடங்கு. டெக்சாஸின் அர்மடில்லோ அணியை கணினி விளையாட்டு நிரலாளர் ஜான் கார்மாக் தன் கைக்காசில் நடத்தினார். டென்மார்க்கின் கோபன்ஹேகன் சப்ஆர்பிட்டல்ஸ் 2008ல் தொடங்கியது, பரிசுப் போட்டி முடிந்த பிறகு. நன்கொடையில் ஓடுகிறது, வேலை செய்வோர் எல்லாரும் தன்னார்வலர்கள்.

சரி, இறங்குவதற்கு வருவோம்.

அர்மடில்லோவின் வழி, எஞ்சினை எரித்துக்கொண்டே நின்றவாக்கில் இறங்குவது. பார்க்க அழகு. ஆனால் இறங்கவும் எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும். 2004 ஆகஸ்டில் அவர்களுடைய சோதனைக் கலம் சுமார் 180 மீட்டர் ஏறி, இறங்கும்போது எரிபொருள் தீர்ந்து தரையில் மோதியது. ஆளில்லாத சோதனை என்பதால் பிழைத்தார்கள். மனிதரை அனுப்பும் கட்டத்துக்கு அவர்கள் வரவே இல்லை. ஆனாலும் அந்த வழியைத் தப்பு என்று தள்ள முடியாது. 2008ல் நிலவில் இறங்கும் கலங்களுக்கான போட்டியில் அதே அணி 350,000 டாலர் வென்றது. 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸின் ராக்கெட் நின்றவாக்கில் இறங்கியதையும் எல்லாரும் பார்த்தோம். பாட்டில் ராக்கெட்டில் செய்ய முடியாத ஒரே வழி இதுதான், அதனால் எங்கள் விவாதத்தில் சீக்கிரம் விழுந்துவிட்டது.

கோபன்ஹேகன்காரர்கள் கடலில் மிதக்கும் மேடையிலிருந்து ஏவுகிறார்கள், பாராசூட்டில் கடலிலேயே இறக்குகிறார்கள். 2010ல் முதல் முயற்சி கிளம்பவே இல்லை. திரவ ஆக்சிஜன் வால்வு உறையாமலிருக்க அவர்கள் வைத்திருந்தது தலைமுடி காய வைக்கும் ஹேர் டிரையர். அதன் மின்சாரம் தீர்ந்து, வால்வு உறைந்து நின்றுவிட்டது. அடுத்த வருஷம் ஏவினார்கள், 2.8 கிலோமீட்டர். 2018ல் அவர்களுடைய நெக்ஸோ 2 ராக்கெட் சுமார் 6.5 கிலோமீட்டர் ஏறி, பாராசூட் விரிந்து, கடலிலிருந்து மீட்கப்பட்டது. இப்போது ஒரே ஒரு ஆளைச் சுமக்கும் ஸ்பைக்கா என்ற ராக்கெட்டைக் கட்டுகிறார்கள். இவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. வேலை முடிந்து மாலையில் வந்து பட்டறையில் நிற்பவர்கள். ஆனால் கடலில் விழுந்த எஞ்சின் உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சின். அதைக் கழுவி, பிரித்து, மறுபடி நம்பி ஏற்றுவது லேசான வேலை இல்லை.

ரூட்டனின் கலமான ஸ்பேஸ்ஷிப்ஒன் வெள்ளை விமானம் ஒன்றின் வயிற்றில் தொங்கி மேலே போய், அங்கிருந்து விடுபட்டு எஞ்சினை மூட்டியது. ரப்பர் வகை எரிபொருள், அதை எரிக்க நைட்ரஸ் ஆக்சைடு. உச்சிக்குப் போனதும் இறக்கையின் பின்பாதியும் வாலும் சேர்ந்து ஏறக்குறைய 65 டிகிரி மேலே மடங்கும். அவ்வளவுதான் தந்திரம். இறகுப்பந்தை எப்படித் தூக்கிப் போட்டாலும் தலைப்பக்கம் திரும்பித்தான் விழும் அல்லவா, அதே போல இந்தக் கலமும் தானாகவே சரியான நிலைக்கு வந்து வயிற்றுப்பக்கமாக விழும். மெல்லிய காற்றிலேயே வேகம் குறைவதால் பெரிய சூடும் இல்லை. கீழே வந்ததும் வாலை நிமிர்த்தி, விமானமாக மிதந்து, கலிஃபோர்னியாவின் மொஹாவியில் கிளம்பிய ஓடுபாதையிலேயே இறங்கும். உப்புத் தண்ணீர் இல்லை, பாராசூட் மடிக்கும் வேலை இல்லை. 2004 செப்டம்பர் 29ல் மைக் மெல்வில் ஓட்டினார். கலம் ஏறும்போதே திருகு போலச் சுழன்றது, ஆனாலும் இறங்கிவிட்டார். ஐந்தே நாளில், அக்டோபர் 4ல், பிரையன் பின்னி அதே கலத்தை 112 கிலோமீட்டருக்கு ஓட்டிப் பரிசை வாங்கினார். இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள், ஐந்து நாள் போதுமாக இருந்தது.

எங்கள் கொல்லையில் நடந்ததும் இதுதான். முதலில் பிளாஸ்டிக் பையில் பாராசூட் செய்தோம். பாட்டிலிலிருந்து தெறித்த தண்ணீரில் பை நனைந்து, மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டது. ஐந்து தடவையில் இரண்டுதான் விரிந்தது. ஒன்று புளியமரத்தில் மாட்டியது. அப்புறம் இரண்டு அட்டைத் தகடுகளைப் பக்கவாட்டில் கீலில் வைத்தோம். வேகமாக ஏறும்போது காற்றே தகடுகளை உடம்போடு அழுத்திப் பிடிக்கும். உச்சியில் வேகம் குறைந்ததும் ரப்பர் பேண்ட் இழுக்க, தகடுகள் விரிந்து சின்னக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். முதல் முறை அது விரிந்து, வேகம் அடங்கி, உழுத மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தபோது, "சார், அப்படியே மறுபடி பம்ப் அடிக்கலாமா?" என்று கேட்டாள் ஒருத்தி. நான் கேட்க நினைத்த கேள்வியும் அதுதான்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பேஸ்ஷிப்ஒன் 100 கிலோமீட்டர் தாண்டியது மொத்தமே மூன்று முறை. பரிசு வாங்கியபின் பறக்கவில்லை, வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. பத்துப் பதினைந்து வருஷப் பராமரிப்பு எப்படியிருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 2014 அக்டோபர் 31ல் அதன் அடுத்த தலைமுறைக் கலத்தில் வால் பூட்டை நேரத்துக்கு முன்னால் திறந்ததால் கலம் நடுவானில் உடைந்தது. துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி இறந்தார். இன்னொரு விமானியைக் காப்பாற்றியது பாராசூட்தான். பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்புவது இன்னும் வேறு கணக்கு. மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கலத்துக்கு மடங்கும் வால் போதாது. 2025ல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா திரும்பியது வெப்பக் கவசத்தோடு, பாராசூட்டில், கடலில்தான். அந்த உயரத்துக்கு டென்மார்க்காரர்கள் போகும் திசையே சரி.

நூறு கிலோமீட்டர் போய்த் திரும்ப, சின்னப் பட்டறை, கையில் குறைந்த ஆட்கள் என்றால் நான் இறகுப்பந்தைத்தான் எடுப்பேன். எங்கள் பாட்டில் பதினோரு முறை பறந்தது. பன்னிரண்டாவது முறை பம்ப் அடிக்கும்போது கழுத்தில் விரிசல் விட்டது. தகடுகளைக் கழற்றிப் புதுப் பாட்டிலில் மாட்டினோம். ரப்பர் பேண்ட் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.