ஸ்பெயினிலை ரிஐஇ கார்ட் புதுப்பிக்கப் போற பிரிட்டிஷ் பாஸ்போட் ஆக்கள் கவனம், எங்கட 680 யூரோ போச்சு

கை நடுங்க நடுங்கத்தான் இதை எழுதுறன். இண்டைக்கு 2025 ஒக்ரோபர் 17. பேப்பர் வேலை செய்து தாறம் எண்டு எங்களிட்டைக் காசு வாங்கின கடை வாசல்லை இருந்து அரை மணித்தியாலத்துக்கு முந்தித்தான் வந்தனான். ஷட்டர் பாதி இறக்கிக் கிடக்கு, உள்ளுக்கு லைட் எரியுது, பெல் அடிக்க அடிக்க ஒருத்தரும் வரேல்லை. 680 யூரோ, என்ரை மனுசன்ரை பென்சன் காசு. ஆரும் எங்களை மாதிரி மாட்டுப்படக் கூடாது எண்டுதான் போடுறன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

நாங்கள் லண்டன் ஹறோவிலை முப்பது வருசத்துக்கு மேலை இருந்தனாங்கள், ரெண்டு பேருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போட். இவருக்கு மூட்டு வருத்தம், குளிர் ஒத்துக்கொள்ளேல்லை, 2019இலை வேலையை விட்டுட்டு அலிகான்டே பக்கம் கடற்கரை ஊர் ஒண்டுக்கு வந்திட்டம். இஞ்ச இங்கிலிஸ் பென்சன்காரர் நிறைய, கடை தெருவிலை இங்கிலிஸிலையே சமாளிக்கலாம், கந்தோர் எண்டு போனால் மட்டும் எல்லாம் ஸ்பானிஷ். 2020 டிசம்பர் 31க்கு முதல் இஞ்ச சட்டப்படி குடியிருந்த பிரிட்டிஷ் ஆக்களுக்கு பிரெக்ஸிற் ஒப்பந்தத்திலை உரிமை அப்பிடியே இருக்கு, அதுக்கு ஆதாரமாத் தாற பிளாஸ்ரிக் கார்ட்டைத்தான் ரிஐஇ எண்டுறது. 2020 ஜூலையிலை குடுக்கத் தொடங்கினவை, எங்களுக்கு ஒக்ரோபரிலை கிடைச்சது, ஐஞ்சு வருசத்துக்கு. அப்ப எல்லாம் செய்து தந்தது பக்கத்து வீட்டு இங்கிலிஸ் மனுசி, ஒரு சதம் வாங்கேல்லை, புருசன் செத்தாப் பிறகு அவ பிள்ளையளோடை போய் இருக்கிறா. அந்த ஐஞ்சு வருசம் இந்த மாசம் 21ஆம் திகதியோடை முடியுது, இனிப் பத்து வருசத்து நிரந்தரக் கார்ட் எடுக்கோணும். 2020இலை எடுத்த எல்லாருக்கும் ஒண்டன்பின் ஒண்டா இப்பத்தான் முடியுது, எல்லாரும் ஒரே நேரத்திலை ஓடித் திரியினம், இந்தக் கள்ளருக்கு இதுதான் அறுவடைக் காலம்.

கார்ட்டுக்குக் கொமிசரியா எண்டுற பொலிஸ் கந்தோருக்குப் போய்க் கைரேகை வைக்கோணும், அதுக்கு முதல் ஒன்லைனிலை நேரம் பதியோணும், சீத்தா பிறேவியா எண்டு சொல்லுவினம். அது இலவசம். திருப்பியும் சொல்லுறன், இலவசம். ஆனால் எங்கட மாகாணத்திலை எப்ப திறந்தாலும் இப்ப நேரம் ஒண்டும் இல்லை எண்ட ஒரு வரிதான் வரும். ஓகஸ்ட் மாசம் முழுக்க நான் சமைக்கேக்கையும் போனைப் பக்கத்திலை வச்சுக்கொண்டு அமத்தி அமத்திப் பாத்தன். நேரங்களைக் கொம்பியூட்டரைப் போட்டு மொத்தமா அள்ளி எடுத்து விக்கிற கூட்டங்கள் இருக்கு, பொலிஸ் பிடிச்சுக்கொண்டும்தான் இருக்கு, இருந்தும் நிக்கேல்லை.

இதுக்கை ஒக்ரோபர் 12இலை இருந்து எயாப்போட்டிலை புது முறை வரப்போகுது எண்ட கதை. முத்திரை குத்துறதுக்குப் பதிலாக் கைரேகையும் படமும் எடுத்துப் பதிஞ்சு, வெளியாலை இருந்து வாறவை 180 நாளிலை 90 நாள்தான் இருக்கலாம் எண்ட கணக்கை மெசினே எண்ணுமாம். இஞ்சத்தைக் கார்ட் இருக்கிற ஆக்களுக்கு அது இல்லை. ஆனால் கார்ட் திகதி முடிஞ்சு போய் நிண்டால்? மகளுக்கு நவம்பர் கடைசியிலை பிள்ளை கிடைக்க இருக்கு, முதல் பிள்ளை, நான் போகாமல் இருக்கேலாது, போயிட்டுத் திரும்பி வரேக்கை வாசல்லை மறிச்சால் என்ன செய்யிறது எண்டு எனக்கு நித்திரை இல்லை. நாங்கள் லண்டன் குறொய்டனிலை லூனர் ஹவுஸ் எண்டுற குடிவரவுக் கந்தோர் வாசல்லை விடியப்பறம் ஐஞ்சு மணிக்குக் குளிருக்கை லைன்லை நிண்ட ஆக்கள். பேப்பர் இல்லாமல் இருக்கிறது என்னெண்டு எங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தைத்தான் அந்தக் கடைப் பொம்பிளை எங்கட முகத்திலையே வாசிச்சிருக்கிறா எண்டு இப்ப விளங்குது.

செப்ரெம்பர் 8. சுப்பர்மாக்கெற்றுக்குப் பக்கத்திலை வெளிநாட்டுக்காரருக்குப் பேப்பர் வேலை செய்து குடுக்கிற கடை ஒண்டு, பேர் போடேல்லை, உங்கட ஊரிலையும் இப்பிடி நாலு இருக்கும், கண்ணாடியிலை பிரிட்டிஷ் கொடியும் ஸ்பானிஷ் கொடியும் ஒட்டி வச்சிருப்பினம். உள்ளுக்கு ஒரு வயசான இங்கிலிஸ் சோடி இருந்தது, அந்த மனுசன் எங்களைப் பாத்துச் சிரிச்சு, இவ கெட்டிக்காரி, எங்கட எல்லாம் இவதான் செய்தவ எண்டார். நான் இருந்த உடனை தண்ணிப் போத்தல் கொண்டுவந்து வச்சா, இவர் முழங்காலைத் தடவுறதைப் பாத்திட்டு உள்ளுக்குப் போய் வேறை கதிரை, கை வச்ச கதிரை ஒண்டு தூக்கிக்கொண்டு வந்தா. அந்தக் கதிரையிலைதான் நான் ஏமாந்து விழுந்தன். அஞ்சு வருசமா எந்தக் கந்தோரிலையும் ஒருத்தரும் இவருக்குக் கதிரை எடுத்துத் தந்ததில்லை. பிறகு எங்கட பாஸ்போட், பழைய கார்ட், பத்ரோன் எண்டுற விலாசப் பதிவுக் கடுதாசி எல்லாத்தையும் ஒண்டொண்டா வாங்கி ரெண்டு பக்கமும் கொப்பி எடுத்து, பச்சை பைல் ரெண்டிலை போட்டு, வெளியிலை எங்கட பேரை, அந்த நீட்டுத் தமிழ்ப் பேரை, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினா. லண்டனிலை டொக்டர் கிளினிக்கிலையே முப்பது வருசமா அந்தப் பேரைப் பிழையாத்தான் எழுதினவங்கள். நான் இவரைப் பாத்தன், இவர் தலையாட்டினார்.

ஒரு ஆளுக்கு 340, ரெண்டு பேருக்கும் 680 யூரோ, நேரம் எடுக்கிறது, படிவம் நிரப்புறது, வரி கட்டுறது, கூட வாறது எல்லாம் அதுக்குள்ளை எண்டா. 300 காசாக் குடுத்தம். மிச்சம் 380ஐ பீசும் எண்டு போன் நம்பருக்கு அனுப்புறது இஞ்ச இருக்கு, அதிலை அனுப்பச் சொன்னா. அனுப்பேக்கை போனிலை வந்த பேர் ஒரு ஆம்பிளைப் பேர், கடைப் பேர் இல்லை. நான் கேட்டன். என்ரை பாட்னர் எண்டா. அதோடை நான் வாயை மூடினன். ரசீது எண்டு தந்தது கொப்பியிலை கிழிச்ச கடுதாசி, 680 எண்டு எழுதி ஒரு கையெழுத்து, வரி நம்பரும் இல்லை, கடை முத்திரையும் இல்லை.

ரெண்டு கிழமையாலை வட்ஸ்அப்பிலை நேரம் பதிஞ்ச கடுதாசி ரெண்டு வந்தது. ஒக்ரோபர் 2, காலமை 10:40, வேறை ரவுன், பஸ்ஸிலை ஒண்டரை மணித்தியாலம். கூட வாறன் எண்டவ முதல் நாள் இரவு எனக்குக் காய்ச்சல், நீங்களே போங்கோ, எல்லாம் ரெடி எண்டு மெசேஜ் போட்டா. போனம். வெய்யிலுக்கை கொமிசரியாவுக்கு வெளியிலை லைன், இவர் மதிலோடை சாஞ்சு நிண்டார், வாசல்லை நிண்ட பொலிஸ்காரப் பெடியன் லிஸ்ற் பாத்து ஆக்களை உள்ளுக்கு விட்டுக்கொண்டிருந்தவன். எங்கட பேர் இல்லை. நியே எண்டுற வெளிநாட்டுக்காரர் அடையாள நம்பரைப் பாத்தான், இல்லை. பிறகு ரெண்டு கடுதாசியையும் வாங்கிப் பக்கத்திலை பக்கத்திலை வச்சுப் பிடிச்சு, பேனையாலை ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினான். பதிவு நம்பர். ரெண்டிலையும் ஒரே நம்பர். ஒவ்வொரு ஆளுக்கும் வேறை வேறை நம்பர் வரோணும். உத்துப் பாக்கத்தான் தெரிஞ்சது, எங்கட பேர் இருக்கிற எழுத்து மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் மேலை ஏறி நிக்குது. ஆற்றையோ பழைய கடுதாசியிலை எங்கட பேரை ஒட்டியிருக்கு. அது மட்டுமில்லை, வரி கட்டின 790 படிவம் எண்டு பைலுக்கை வச்சதிலை பாங்கின்ரை அடையாளம் ஒண்டும் இல்லை, கட்டவே இல்லை. அந்தப் பெடியன் கோவிக்கேல்லை, அதுதான் எனக்கு இன்னும் அழுகையா வந்தது. இண்டைக்கு நீங்கள் நாலாவது ஆள் எண்டான்.

நாலாவது ஆள்!

அதுக்குப் பிறகு நடந்ததுதான் 680 யூரோவைவிட எரியுது. அண்டைக்கே அடிச்சன், எடுக்கேல்லை. பின்னேரம் மெசேஜ், சிஸ்ரம் பிழை, நாளைக்குப் பாக்கிறன். நாளைக்கு எண்டால், பொலிஸ்காரனுக்குத் தெரியாது, நீங்கள் பிந்திப் போயிருப்பியள். நாங்கள் ஒரு மணித்தியாலம் முந்தி நிண்டனாங்கள்! பிறகு என்ரை வேலைக்காரப் பிள்ளை செய்த பிழை, அவவை நிப்பாட்டிட்டன். பிறகு 9ஆம் திகதி வலென்சியா நாள், லீவு, அதுக்குப் பிறகு வாங்கோ. 10ஆம் திகதி கடைக்குப் போனம், அந்தக் கை வச்ச கதிரையிலை வேறை ஒரு வயசான மனுசி இருக்கிறா, மடியிலை பாஸ்போட். நான் அவவுக்கு இங்கிலிஸிலை சொல்லத் தொடங்க, இவ எழும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சு வெளியிலை கூட்டிக்கொண்டு வந்து, திங்கக்கிழமை காசு போடுவன், சத்தம் போடாதையுங்கோ, உங்கட கேஸ் பழுதாப் போயிடும் எண்டா. உங்கட கேஸ் எண்ட அந்தச் சொல்லுக்குப் பயந்து நான் பேசாமல் வந்திட்டன், அந்த மனுசிக்குச் சொல்லாமல் வந்திட்டன். அவவின்ரை காசும் போயிருக்கும். திங்கள் வரேல்லை, செவ்வாய் வரேல்லை, புதன் பின்னேரத்தோடை என்ரை நம்பரை புளொக் பண்ணிட்டா. இவர் ஒண்டும் கதைக்கிறார் இல்லை, பல்கனியிலை போய் இருக்கிறார். 680 எண்டு நான் சொல்ல வெளிக்கிட்டால், விடு எண்டுறார். என்னெண்டு விடுறது?

புதன் காலமை நானே இருந்தன். எட்டு மணிக்கு முதல் சைற்றைத் திறந்து, பக்கத்து ரவுனுகளையும் மாத்தி மாத்திப் பாக்க ஒரு இடத்திலை திறந்தது, இவருக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு, ரெண்டும் 29ஆம் திகதி, வேறை வேறை நம்பர். நேரம் எடுக்கக் காசு ஒண்டும் இல்லை. கார்ட்டுக்கான வரி ஒரு ஆளுக்குக் கிட்டத்தட்ட 12 யூரோ, பாங்கிலை கட்டிட்டன். 24 யூரோ வேலைக்கு 680 யூரோ. 21ஆம் திகதி முடிஞ்சாப் பிறகுதானே போறம் எண்டு பயந்தன், ஆனால் ஸ்பெயினிலை எங்கட உரிமை ஒப்பந்தத்தாலை வந்தது, கார்ட் அதுக்கு ஆதாரம் மட்டும்தான், கார்ட் திகதி முடிஞ்ச உடனை உரிமை போயிடாது. இதை அண்டைக்கு அந்தப் பொலிஸ்காரப் பெடியனும் சொன்னவன். இதைத்தான் அவ எங்களுக்கு மறைச்சவ, 21ஆம் திகதியோடை நீங்கள் சட்டவிரோதம் எண்டு சொல்லித்தான் காசை வாங்கினவ.

எல்லாத்தையும் வடிவா வரிசையா எழுதுவம் எண்டுதான் இருந்தனான், இப்ப மனநிலை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லுறன். நேரம் எடுக்க ஒருத்தருக்கும் காசு குடுக்காதையுங்கோ. ஆரும் எடுத்துத் தந்தால் அதிலை இருக்கிற பேர், நியே நம்பர், பதிவு நம்பர் மூண்டையும் பாருங்கோ, அந்த நேரம் உண்மையோ எண்டு சைற்றிலை நீங்களே பாக்கலாம். உதவி கட்டாயம் வேணுமெண்டால் ஹெஸ்தோர் எண்டுற ஆக்கள் இருக்கினம், அவைக்குச் சங்கம் இருக்கு, பதிவு நம்பர் இருக்கு, அதைக் கேளுங்கோ, கேக்க முகம் சுழிச்சால் எழும்பி வாங்கோ. பீசுமிலை கடைப் பேர் வராட்டி அனுப்பாதையுங்கோ. வரி நம்பர் போட்ட பில் இல்லாமல் ஒரு சதம் குடுக்காதையுங்கோ. பத்ரோன் புதுசா எடுங்கோ, மூண்டு மாசத்துக்கு மேலைப் பழசெண்டால் திருப்பி விடுவினம். கைரேகை வச்ச உடனை தாற ரசீதைப் பழைய கார்ட்டோடை பத்திரமா வச்சிருங்கோ.

ஏமாந்திட்டியள் எண்டால் கடையிலை ஓகா தே ரெக்லமசியோனெஸ் எண்ட முறைப்பாட்டுப் படிவம் கேளுங்கோ, கடைகள் அதைக் கட்டாயம் வச்சிருக்கோணும், தரமாட்டம் எண்டால் அங்கை நிண்டே முனிசிப்பல் பொலிசைக் கூப்பிடலாம். இது எனக்கு இண்டைக்குக் காலமைதான் தெரியும், அதுதான் போனனான், ஷட்டர் இறக்கிக் கிடந்தது. திங்கக்கிழமை முனிசிப்பல் நுகர்வோர் கந்தோருக்கும் பொலிசுக்கும் அந்தக் கிழிச்ச கடுதாசியையும் வட்ஸ்அப் முழுக்கவும் பிறின்ற் எடுத்துக்கொண்டு போறன். லண்டனிலை இருந்து வாசிக்கிறவை, அம்மா அப்பா இஞ்ச இருந்தால் இண்டைக்கே அடிச்சு, கார்ட் எப்ப முடியுது, ஆருக்காவது காசு குடுத்தவையோ எண்டு கேளுங்கோ. வெக்கத்திலை அவையள் தாங்களாச் சொல்லமாட்டினம், நான் என்ரை மகளுக்கு இன்னும் சொல்லேல்லை.

இவர் கூப்பிடுறார், அந்த 380க்கு பாங்குக்கு அடிச்சுக்கொண்டு இருந்தவர், லைன் கிடைச்சிட்டுதாம்.