டைனகோ ஸ்டீரியோ 70: ரிப்பேருக்குப் போன இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் மாறிய கதை

பழைய வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையரை யாரிடமாவது ரிப்பேருக்குக் கொடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

என்னிடம் இருப்பது டைனகோ ஸ்டீரியோ 70. அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் டேவிட் ஹாஃப்லர் 1959-இல் கொண்டுவந்த செட். கிட்டாக வாங்கி வீட்டிலேயே சால்டர் வைத்துக் கட்டியவர்கள் ஏராளம். என்னுடையது பெரிய மாமா அங்கே படித்த காலத்தில் தன் கையால் கட்டியது. சேனலுக்கு 35 வாட், நான்கு ஈஎல்34 வால்வுகள்.

நான் கேட்ட வேலை சின்னது. பவர் சப்ளையில் இருக்கும் பெரிய டப்பா கண்டன்சர், கப்ளிங் கண்டன்சர்கள், பயாஸ் (வால்வில் ஓடும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் வோல்ட்டேஜ்) பக்கத்துச் செலீனியம் ரெக்டிஃபையர் (ஏ.சி.யை டி.சி.யாக்கும் பாகம்), இவற்றை மட்டும் மாற்ற வேண்டும். செலீனியம் தளர்ந்தால் பயாஸ் இறங்கி, கரன்ட் கூடி, ஈஎல்34-க்குள் இருக்கும் பிளேட் என்ற தகடு சூட்டில் சிவக்கத் தொடங்கிவிடும். கொடுத்த அன்று அந்த மெக்கானிக்கின் கடையிலேயே இரண்டு சேனலையும் பாடவிட்டுக் காட்டினேன். போனில் வீடியோவும் இருக்கிறது.

பேசிய கூலியை முழுதாக வாங்கிக்கொண்டு அவர் திருப்பித் தந்த செட்டைத் தூக்கும்போதே எனக்குப் பொறி தட்டியது. 14 கிலோவுக்கு மேல் எடை உள்ள பெட்டி அது. அத்தனையும் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு. இது லேசாக இருந்தது. வீட்டில் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி வற்றிப்போய்க் கேட்கிறது.

பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சர் சார்ஜ் இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகு (உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும், இதில் அவசரம் கூடவே கூடாது) அடித்தகட்டைக் கழற்றினேன். வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், சேனலுக்கு ஒன்றாக இருப்பது டைனகோவின் ஏ-470 அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அதில் பிரைமரிக்கு, அதாவது வால்வு பக்கத்துக் காயிலுக்கு, ஐந்து ஒயர்கள் வரும். இரண்டு பிளேட்டுக்கு, ஒன்று ஹெச்.டி.க்கு (ஹை டென்ஷன், உயர் வோல்ட்டேஜ் சப்ளை), மீதி இரண்டும் ஈஎல்34-இன் நாலாம் பின்னான ஸ்கிரீனுக்கு. ஸ்கிரீனுக்கு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே இப்படி இணைப்புக் கொடுப்பதைத்தான் அல்ட்ரா லீனியர் என்பார்கள். இந்த செட்டின் உயிரே அதில் இருக்கிறது. என் செட்டில் வந்தது மூன்றே ஒயர். நாலாம் பின்னை ஒரு ரெசிஸ்டர் போட்டு நேராக ஹெச்.டி.யில் கோர்த்திருந்தார். மேலே கறுப்பு பெயிண்ட் பளபளக்க, உள்ளே யாரோ சுற்றிய மலிவு காயில்.

போன் செய்தேன். "சார், பழசு ரெண்டும் எரிஞ்சுபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். பாடிக்கொண்டிருந்த செட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் எரியுமா? எரிந்திருந்தாலும் என் பொருளை என்னைக் கேட்காமல் எறிய அவர் யார்? வீடியோ இருக்கிறது என்றதும் போனை வைத்துவிட்டார்.

வால்வுகளிலும் கை வைத்திருந்தார். மாமா வைத்திருந்தவை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்த மல்லார்டு கம்பெனி வால்வுகள். திரும்பி வந்த நான்கிலும் மல்லார்டு என்ற எழுத்து புத்தம் புதிதாக இருந்தது. எழுத்து விரல் பட்டு அழிகிறதா என்று பார்த்துப் பயனில்லை, அசலிலும் அழியும். கண்ணாடியின் அடியில், பேஸுக்குச் சற்று மேலே சாம்பல் நிறத்தில் பொறித்த இரண்டு வரிக் குறியீட்டைத் தேடுங்கள். மேல் வரி எக்ஸ்.எஃப்.2 போல இருக்கும். கீழ் வரி பிளாக்பர்னைக் குறிக்கும் 'B' எழுத்தில் தொடங்கும். என்னிடம் வந்தவற்றில் கண்ணாடி வெறுமையாக இருந்தது.

ஆகவே கொடுக்கும் முன் அடித்தகட்டைத் திறந்து ஒயரிங்கைப் போட்டோ எடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் முத்திரை எண்ணையும் வால்வுக் குறியீடுகளையும் ரசீதில் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய பழைய பார்ட்ஸ் எல்லாம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கண்டன்சர் கெட்டால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். மாமா தன் கையால் சால்டர் வைத்த அந்த டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு நான் எங்கே போவேன்? ஏ-470 ஜோடி ஒன்று எங்காவது விற்பனைக்கு வந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். ஒன்றின் மூடியில் ஓரம் நசுங்கியிருக்கும். இரண்டின் அடியிலும் சிவப்பு நெயில் பாலிஷில் மாமா வைத்த புள்ளி இருக்கும்.