மருத்துவமனையா, செவிக்கருவி மையமா?

ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுடன் செவித்திறன், பேச்சு-மொழிக் குறைபாடுகள் பற்றிய நான்காண்டுப் பட்டப்படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் பெற்ற ஒருவருக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு வாசல்கள் திறக்கின்றன: மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு, அல்லது தனியார் செவிக்கருவி மையம்.

மருத்துவமனையில் தொடக்க ஊதியம் பெரும்பாலும் குறைவு. அரசு நிரந்தரப் பணியிடங்களும் அரிது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்ட இடையீட்டு மையங்களில் ஒப்பந்தப் பணியே கிடைக்கிறது. ஆனால் கற்பதற்கு மருத்துவமனைக்கு இணையான இடமில்லை. தாய்மடியில் உறங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னும் மின்முனைகளை ஒட்டி, அது விழிப்பதற்குள் பெரா (ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்துலங்கலை அளக்கும் சோதனை) பதிவை முடிப்பதும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (உட்செவியில் பொருத்தி, செவி நரம்பை மின்தூண்டலால் இயக்கும் கருவி) பொருத்தப்பட்ட சிறாருக்கு அதன் மின்னளவுகளைச் சீரமைத்துப் பேச்சுப் பயிற்சி அளிப்பதும் அங்கேதான் கைவரும்.

செவிக்கருவி மையத்தில் வருபவர்களில் முதியோரே மிகுதி. காது அச்செடுத்தல், கருவியை நிரலிடுதல், ஒலி இரைகிறது என்று திரும்பி வருபவருக்குப் பொறுமையாகத் திருத்திக் கொடுத்தல் ஆகியவற்றில் திறமை கூடும். ஊக்கத்தொகையால் வருமானமும் உயரும். விற்பனை இலக்குதான் நெருடல். ஒலித்தடுப்பு அறை உண்டா, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமீட்டர் ஆண்டுதோறும் அளவுத்திருத்தம் செய்யப்படுகிறதா என்று நேர்காணலிலேயே கேட்டுவிட வேண்டும். மழுப்பும் இடத்தில் பரிசோதனை வெறும் சடங்காகவே இருக்கும்.

கடன் சுமை நெருக்காதவர் முதல் இரண்டாண்டுகளை மருத்துவமனையில் கழிப்பதே நல்லது என்பது என் கருத்து. அங்கிருந்து மையத்துக்கு மாறுவது எளிது, மையத்திலிருந்து மருத்துவமனைக்குச் செல்வோரிடம் பெரா அனுபவத்தையே முதலில் கேட்பார்கள்.