சூடு பண்ண வழியில்லாத ட்யூட்டிக்குக் கட்டுச்சோறு: ஒரு டாக்ஸி டிரைவரின் அனுபவம்

சென்னையில் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால் வீடு திரும்ப ராத்திரி ஏழோ எட்டோ ஆகிவிடும். மத்தியானம் பசிக்கிற நேரத்தில் கிளாம்பாக்கத்தில் இருப்பேனா, சிறுசேரியில் இருப்பேனா, ஏர்போர்ட் பார்க்கிங்கில் காத்துக்கிடப்பேனா என்று காலையில் சொல்ல முடியாது. சாப்பிடக் கிடைப்பது பத்து நிமிஷம், சில நாள் அதுவும் இரண்டு தவணையாக. மைக்ரோவேவ், அடுப்பு எதுவும் கிடையாது. கை கழுவத் தண்ணீர்கூட நாம் கொண்டுபோனால்தான் உண்டு. இப்படி வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போக ஆரம்பித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஹோட்டலில் சாப்பிடலாமே என்று கேட்பார்கள். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், காரை எங்கே நிறுத்துவது? நல்ல மெஸ் இருக்கிற தெருவில் இடம் இருக்காது, இடம் இருக்கிற ரோட்டில் மெஸ் இருக்காது. அம்மா உணவகத்தில் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். பக்கத்தில் நிறுத்த வழி இருந்தால் இன்றும் போவேன். ஆனால் நமக்கு ட்ராப் முடியும் நேரத்தில் அங்கே பெரும்பாலும் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும்.

இத்தனை நாளில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். சாப்பாட்டின் சூட்டைக் காப்பாற்றப் பார்ப்பது வீண் வேலை. ஆறினால் நன்றாக இருப்பதையே சமைத்து எடுத்துப்போக வேண்டும். புளியோதரை, பொடி இட்லி, தயிர் சாதம் என்று ரயில் பயணத்துக்கும் திருப்பதி போகவும் நம் வீடுகளில் காலங்காலமாகக் கட்டியது எல்லாமே அந்த வகைதான். பாத்திரத்துக்குச் செலவழிப்பதில் பாதி யோசனையைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தால் போதும்.

ஆனாலும் பாத்திரங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். அகலமான வாய் வைத்த வேக்குவம் ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்று வாங்கினேன். விலை ஆயிரத்துக்கு மேல். காலையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் மூடிவைத்து, அதைக் கொட்டிவிட்டு, சாப்பாட்டைக் கழுத்துவரை நிரப்பி மூடினால் பதினொரு மணி வரைக்கும் நல்ல சூடு இருக்கும். பாதி மட்டும் நிரப்பினால் இருக்காது. ரசம், சூப், பருப்புக் கஞ்சி மாதிரி நீர்த்த அயிட்டத்துக்கு இது அருமை. சாதத்துக்கு உதவாது. உள்ளே அடைபட்ட சூட்டில் சாதம் மேலும் வெந்து குழைந்து, ஸ்பூனால் தோண்டி எடுக்கிற கட்டியாகிவிடும். இட்லியோ வியர்த்து அடியில் ஊறிப்போகும். மழைக்காலத்தில் ரசம் கொண்டுபோக மட்டும் அந்த ஃபிளாஸ்க்கை இப்போது வைத்திருக்கிறேன். அதன் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் தனியாகக் கழற்றிக் கழுவாவிட்டால் பூண்டு வாசனை அதிலேயே தங்கிவிடுகிறது.

கார் சார்ஜரில் செருகிச் சூடுபண்ணும் டப்பாவையும் ஒரு நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். சுமாராகச் சூடாகவே முக்கால் மணி நேரம் ஆகிறது, அதற்குள் அடுத்த சவாரி ஏறிவிடும். அப்புறம் கார் முழுக்கக் குழம்பு வாசனை.

கடைசியில் நிலைத்தது, கிளிப் போட்ட சாதாரண ஸ்டீல் டப்பா இரண்டும், அதை வைக்க உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டின ஒரு பையும். டப்பாவில் ஒன்று ஆறு மாதத்திலேயே ஒழுக ஆரம்பித்தது. கிளிப் நன்றாகத்தான் இருந்தது, உள்ளே இருந்த சிலிகான் வளையம் தளர்ந்துவிட்டது. வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கிற டப்பாவா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மொத்த டப்பாவையும் தூக்கிப் போட வேண்டிவரும்.

இனி சாப்பாடு. புளியோதரைக்குத்தான் முதல் மார்க். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் புளிக்காய்ச்சல் செய்து பாட்டிலில் போட்டுவைத்தால் வாரக்கணக்கில் வரும். காலையில் வேலை சாதம் வடிப்பது மட்டுமே. சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி, மேலே எண்ணெய் விட்டு, ஃபேன் காற்றில் நன்றாக ஆறவிட்டுத்தான் கிளற வேண்டும். ஆறாமல் மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும், அந்த ஈரத்தில்தான் சாப்பாடு கெட ஆரம்பிக்கும். கலந்ததும் சாப்பிடுவதைவிட நாலைந்து மணி நேரம் ஊறியபின் புளியோதரை இன்னும் நன்றாக இருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதானே.

கெட்டுப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை. வெந்த சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாகாமல் தங்கியிருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சாதம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும், அவற்றில் சில வகைகள் விடுகிற நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. ஆகவே சூடு பண்ண வசதி இருந்தால் மட்டும் கெட்ட சாதம் நல்லதாகிவிடாது. புளியும் எலுமிச்சையும் இந்தப் பெருக்கத்தை மட்டுப்படுத்தும். சாம்பார் சாதம், தேங்காய் சாதம், காய்கறி போட்ட பிரிஞ்சி எல்லாம் மே மாதத்தில் மத்தியானம் ஒரு மணியைத் தாண்டினால் நான் தொடுவதில்லை. தேங்காய்ச் சட்னி காலை பத்து மணிக்கே போய்விடும்.

தயிர் சாதம் பலருக்கும் புளித்துப்போகிறது. தயிரை ஊற்றிப் பிசைவதால் வருவது அது. சாதத்தைச் சூட்டோடு நன்றாக மசித்து, காய்ச்சி ஆறின பாலை நிறைய விட்டு, வெண்ணெய் கொஞ்சம், எல்லாம் கை பொறுக்காத சூடு போனபின் ஒரு ஸ்பூன் தயிர். காலையில் பால் சாதமாகக் கிளம்புவது மத்தியானத்துக்குள் காரிலேயே தயிர் சாதமாகிவிடும். இஞ்சி, கடுகு, பெருங்காயம் தாளித்துப் போடுங்கள், வெங்காயம் வேண்டாம். இதை மட்டும் ஃபிளாஸ்க்கில் அடைக்காதீர்கள். நாற்பது டிகிரிச் சூடு மணிக்கணக்கில் நின்றால் தயிர் உறைவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது, பன்னிரண்டு மணிக்குள் புளித்துப் பொங்கியிருக்கும்.

பொடி இட்லிக்கு எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. சூடாக இருக்கும்போதே இருபுறமும் பொடியையும் நல்லெண்ணெயையும் குழைத்துத் தடவி, ஆறவிட்டு, தணலில் வாட்டின வாழையிலையில் மடித்தால் மத்தியானம் வரை மெத்தென்று இருக்கும். ஒரு கையால் எடுத்துச் சாப்பிடலாம், ஸ்பூன் தேவையில்லை. சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் நன்றாகத்தான் இருக்கும். மாவில் கொஞ்சம் பால் விட்டுப் பிசைந்து, பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். அலுமினியத் தாளில் சுற்றினால் அடியில் இருப்பது ஈரமாகிப்போகும்.

நம் தொழிலில் இன்னொரு கணக்கு உண்டு, வாசனை. ஏ.சி. போட்ட காரில் அவித்த முட்டை, கருவாடு, பூண்டு ஊறுகாய் எதைத் திறந்தாலும் அடுத்து ஏறுகிறவர் மூக்கைச் சுளிப்பார், ரேட்டிங் இறங்கும். எனக்குக் கருவாட்டுத் தொக்கு உயிர். அது லீவு நாளுக்கு. சுண்டலும் எடுத்துப்போவதில்லை. ஜன்னல் மூடின காரில் சாயங்காலம் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டு மணிக்கு வயிறு நிறையச் சாதம் சாப்பிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டினால் கண் சொக்கும். அதனால் ஒரே வேளையாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். பதினொன்றுக்கு இட்லி நாலு, இரண்டு மணிக்குச் சின்ன டப்பா சாதம், நாலரைக்கு ஒரு துண்டு கடலை மிட்டாய். கோடையில் நடுவில் கம்பங்கூழ். மோரில் கரைத்து, சின்ன வெங்காயத்தைத் தனியாக வைத்துக்கொள்வேன். கூழை இறுக்கமாக மூடும் பாட்டிலில் அடைக்காதீர்கள். வெயிலில் அது நுரைத்து, திறந்ததும் ஸ்டியரிங் வரைக்கும் தெறிக்கும். தெறித்ததைத் துடைத்தாலும் புளித்த வாடை போக நாள் பிடிக்கும்.

பையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். என் வண்டி சி.என்.ஜி., டிக்கியில் சிலிண்டர் போக மிச்ச இடம் பயணிகளின் பெட்டிக்கு. வெயிலில் நிறுத்தின காருக்குள் அரை மணியிலேயே வெளியில் இருப்பதைவிடக் கணிசமாகச் சூடு ஏறிவிடும், டேஷ்போர்டு தொட முடியாமல் கொதிக்கும். ஆகவே முன்சீட்டுக்கு அடியில், நிழலில், ஏ.சி. காற்று காலில் படுகிற பக்கமாகப் பையை வைக்கிறேன். முந்தின ராத்திரி ஃப்ரீஸரில் வைத்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தயிர் சாத டப்பாவை ஒட்டிச் சொருகிவிடுவேன். உருகினபின் குடிக்க ஆகும். தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே என்று பல டிரைவர்கள் குடிப்பதே இல்லை. பெட்ரோல் பங்க்கில் கழிவறையும் குடிநீரும் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி, கூச்சப்படாமல் கேளுங்கள்.

வீட்டில் யாரையும் நாலு மணிக்கு எழுப்புகிற திட்டம் எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது. முதலில் என் மனைவிதான் எழுந்து செய்தாள், பாவம். இப்போது புளிக்காய்ச்சல், தொக்கு, பொடி மூன்றையும் ஞாயிறன்று இருவருமாகச் செய்துவிடுகிறோம். காலையில் குக்கர் வைத்து, ஆறவிட்டு, கட்டுவது என் வேலை. குளித்துவிட்டு வருவதற்குள் சாதம் ஆறியிருக்கும்.

காய்கறிதான் இன்னும் சரியாக அமையவில்லை. பொரியல் எதுவும் மத்தியானம் வரை நிற்பதில்லை, உருளைக்கிழங்கு வறுவலும் வாழைக்காய் வறுவலும் தவிர. நறுக்கின வெள்ளரி நீர் விட்டுத் தொங்கிப்போகிறது. அதனால் வெள்ளரியையும் கொய்யாவையும் கழுவி முழுசாகவே எடுத்துப்போய்ச் சிக்னலில் கடித்துத் தின்கிறேன். கீரைக்கு வழியே இல்லை, அது ராத்திரி வீட்டில்தான்.