பழைய மாளிகைத் தோட்டத்துப் பாத்தி ஓரத்துக்கு பாக்ஸா, யூவா?

லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பிரிவி தோட்டம் (அரசரின் தனித் தோட்டம்), 1702-ஆம் ஆண்டு வடிவத்துக்கே 1995-இல் மீட்கப்பட்டது. இத்தகைய மீட்பில் ஓரச்செடி எது: பாக்ஸா (box, சிற்றிலைப் பசுமைமாறாப் புதர்), யூவா (yew, ஊசியிலைப் பசுமைமாறா மரம்)?

வரலாறு: பாத்தி ஓரத்துக்கு பாக்ஸ்தான் அசல். யூ, பாத்திக்குள் கூம்பாகக் கத்தரித்து நிறுத்தப்பட்டது.

உயரம்: குட்டை வகை பாக்ஸ், கத்தரித்து வந்தால் 30 செ.மீ.க்குள் அடங்கும். யூ அடங்க அடிக்கடி கத்தரிக்க வேண்டும்.

நோய்: பாக்ஸுக்குக் கருகல் பூஞ்சை பெரும் சோதனை. இலையில் பழுப்புப் புள்ளி, தண்டில் கறுப்புக் கோடு, பிறகு செடியே மொட்டை. ஈர நாளில் கத்தரித்தால் கத்தரிக்கோலே நோயைப் பரப்பும். உதிர்ந்த இலையைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். யூவுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் நீர் தேங்கினால் வேர் அழுகும்.

காற்றோட்டமான, இதுவரை நோய் காணாத இடத்துக்கு பாக்ஸே. கருகல் ஏற்கெனவே வந்த, வடிகால் நன்றாக உள்ள மண்ணுக்கு யூ. குதிரையும் மாடும் எட்டும் பக்கம் மட்டும் யூ வேண்டவே வேண்டாம். அதன் இலை கொடிய நஞ்சு.