அசிங்க் சர்வருக்கு அலகுச் சோதனை: நான்கு ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரில் கிளினிக்குகளின் வரிசை எண் அறிவிப்புகளை அனுப்பும் ஒரு பைத்தான் சர்வரை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நிரலில் பெரும்பகுதி அசிங்க் (ஒரு பணி காத்திருக்கும்போது மற்றொன்றை ஓடவிடும் முறை) என்பதால், 2019-இல் பைத்தான் 3.8 தன் நிலையான நூலகத்தில் சேர்த்த ஐசோலேட்டட்அசிங்க்ஐஓடெஸ்ட்கேஸ் என்ற சோதனை வகுப்பையும் (கிளாஸ்), உண்மைப் பொருளுக்குப் பதிலாக நிற்கும் போலியான அசிங்க்மாக்கையும், நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சரிபார்க்கும் அலகுச் சோதனைகளில் நாள்தோறும் பயன்படுத்துகிறேன்.

நான் வருமுன் எழுதப்பட்ட சோதனைகள் பழைய டெஸ்ட்கேஸ் வகுப்பில் இருந்தன. ஒரு நாள் உடன் பணிபுரியும் தம்பி, "அண்ணே, ஃபங்ஷன் உள்ள இருந்ததையெல்லாம் அழிச்சுப் பார்த்தேன், டெஸ்ட் இன்னும் பச்சையாத்தான் இருக்கு" என்றார். பழைய வகுப்பு அசிங்க் சோதனையை அழைத்தால் ஒரு கோரூட்டின் (இன்னும் ஓடத் தொடங்காத பணி) மட்டுமே திரும்பி வரும். அதை எவரும் அவெயிட் செய்யாததால் (ஓடவைத்து முடிவுக்குக் காத்திராததால்) உள்ளே ஒரு வரியும் ஓடாமலே தேர்ச்சி என்று பதிவாகிவிடும். அதற்கான எச்சரிக்கை லாக்கில் வரிவரியாகக் கிடந்தது. படித்தவர்தாம் இல்லை, நான் உட்பட. எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்றியும் பயனில்லை, ஏனெனில் கோரூட்டின் நினைவகத்திலிருந்து நீக்கப்படும் தருணத்தில் எழும் அந்தப் பிழை சோதனையை எட்டுவதேயில்லை. பைத்தான் 3.11 முதல், சோதனை எதையேனும் திருப்பித் தந்தால் வேறோர் எச்சரிக்கை வருகிறது. அதைப் பிழையாக்கினால் சோதனை உடனே சிவக்கிறது.

அடுத்த தொல்லை ஸ்லீப். பின்னணிப் பணி முடிவதற்காக 0.1 வினாடி காத்திருந்த சோதனைகள் என் மடிக்கணினியில் தேறின. நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும், பலர் பகிரும் சிஐ இயந்திரத்தில் நெரிசல் நேரத்தில் தோற்றன. காத்திருப்பை நீட்ட நீட்ட, கீழே போய்க் கோப்பி வாங்கி வந்த பிறகும் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. இப்போது போலி அனுப்புநர் தன் வேலை முடிந்ததும் ஓர் ஈவென்ட்டை (முடிந்ததென்னும் சைகையை) செட் செய்கிறது. சோதனை அதற்காக வெயிட்_ஃபார் மூலம் அதிகபட்சம் 2 வினாடி காத்திருக்கிறது. வேலை முடிந்த கணமே சோதனை நகர்ந்துவிடுவதால் அந்த 2 வினாடி வீணாவதில்லை.

அசிங்க்மாக் வசதியானது, ஆனால் அளவுக்கு மீறி இணங்கிப் போகும். பிணைய இணைப்பில் தரவை எழுதும் ஸ்ட்ரீம்ரைட்டரில் டிரெய்ன் அசிங்க், ரைட் சாதாரண ஃபங்ஷன். ஸ்பெக் (எந்த வகுப்பைப் போல நடக்க வேண்டும் என்ற குறிப்பு) கொடுக்காத அசிங்க்மாக் இரண்டையும் அசிங்க் என்றே பாவிக்கும். பெயரைப் பிழையாக எழுதினாலும் தலையாட்டும். ஆகவே ஸ்பெக் இல்லாத மாக்கை நான் மறுஆய்வில் ஏற்பதில்லை.

தீராத குறை ஒன்றுண்டு. ஐசோலேட்டட்அசிங்க்ஐஓடெஸ்ட்கேஸ் வகுப்பு ஒவ்வொரு சோதனைக்கும் புதிய ஈவென்ட் லூப் (அசிங்க் பணிகளை மாறிமாறி ஓட்டும் சுழல்) தொடங்குகிறது. சோதனைகள் ஒன்றையொன்று கெடுக்காமலிருக்க அது நல்லதுதான். ஆயினும் திறந்த லூப்போடு பிணைந்துவிடும் தரவுத்தள இணைப்புத் தொகுப்பை ஒரு முறை திறந்து எல்லாச் சோதனைகளுக்கும் பகிர முடிவதில்லை. எங்கள் தரவுத்தளச் சோதனைகளைத் தனியே பிரித்து, இரவில் மட்டும் ஓட்டுகிறோம்.